தலை வலித்தால் வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: முதல் முறையாக உயரமான மலைகளில் எட்டு நாள் மலையேற்றம் போகிறீர்கள். பகலில் நடை, இரவில் கூடாரம். வழிகாட்டி, சமையல் ஆள், சுமை தூக்குகிறவர்கள் எல்லாரையும் நிறுவனமே ஏற்பாடு செய்கிறது. சில முகாம்கள் 4,000 மீட்டருக்கு மேல். வாரத்தில் நாலைந்து நாள் ஓடுகிற பழக்கம் உங்களுக்கு உண்டு. அது போதுமா, வழிகாட்டி இருக்கும்போது நாம் தனியாக எதைக் கவனிக்க வேண்டும்?

ஓட்டம் நல்லது, விட்டுவிடாதீர்கள். ஏற்றத்தில் காலும் மூச்சும் தாங்கும். ஆனால் உயரத்தால் வரும் நோயை அது தடுக்காது. மாரத்தான் ஓடுகிறவர் 4,000 மீட்டரில் வாந்தி எடுத்துப் படுத்திருப்பார்; நிதானமாக நடந்து வந்த அறுபது வயதுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். குழுக்களை அழைத்துப் போகிறவர்கள் எல்லாருக்கும் பழகிய காட்சி இது. சொல்லப்போனால் உடற்பயிற்சியில் ஊறியவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். வேகமாக ஏறிவிடுவார்கள், உடம்பு சொல்வதை அடக்கிக்கொண்டு போகவும் பழகியிருப்பார்கள். உயரத்தில் இரண்டுமே ஆபத்து.

என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். காற்றில் ஆக்சிஜன் எந்த உயரத்திலும் சுமார் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். 3,500 மீட்டரில் கடல்மட்ட அழுத்தத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். 5,500 மீட்டரில் பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. உடம்பு உடனே வேகமாக மூச்சு விட ஆரம்பிக்கும். அதனால் ரத்தத்தில் காரத்தன்மை ஏற, அதைச் சரிசெய்யச் சிறுநீரகம் சில நாட்கள் எடுத்துக்கொள்கிறது. மலையில் அடிக்கடி சிறுநீர் வருவதற்கு இதுவும் ஒரு காரணம், நல்ல அறிகுறிதான். சிவப்பணுக்கள் பெருக வாரக்கணக்கில் ஆகும். ஆக, உடம்பு கேட்பது நாட்களை. பலத்தை வைத்து அந்த நாட்களை மிச்சம் பிடிக்க முடியாது.

அதனால் பணம் கட்டும் முன் முதலில் பார்க்க வேண்டியது பயணத் திட்டம். படங்களையும் கணவாயின் பெயரையும் அப்புறம் பார்க்கலாம். ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு இரவும் எத்தனை மீட்டரில் தூங்குகிறீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் கணக்கு. பகலில் எவ்வளவு உயரம் போய்வந்தாலும் பரவாயில்லை, இரவு எங்கே தூங்குகிறோம் என்பதே முக்கியம். முகாம் போடத் தோதான இடம் எல்லா உயரத்திலும் கிடைக்காது என்பதால் ஏதோ ஒரு நாள் 600, 700 மீட்டர் கூடலாம். அப்படியானால் அதற்கு முன்னாலோ பின்னாலோ ஓய்வு நாள் இருக்கிறதா என்று பாருங்கள்.

எவரெஸ்ட் அடிவார முகாம் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பாலோர் விடுதியில்தான் தங்குகிறார்கள் என்றாலும் கணக்கு ஒன்றுதான். 3,440 மீட்டரில் இருக்கும் நாம்சே பஜாரில் இரண்டு இரவு, 4,410 மீட்டரில் இருக்கும் டிங்போச்சேயில் இரண்டு இரவு என்று திட்டம் போடுவார்கள். முகாமே 5,364 மீட்டரில். ஆப்பிரிக்காவில் இருக்கும் கிளிமஞ்சாரோ மலையின் உச்சி 5,895 மீட்டர். அதை 5 நாளில் ஏறி இறங்கும் திட்டமும் விற்கிறார்கள், 7, 8 நாள் திட்டமும் உண்டு. உச்சியைத் தொடும் வாய்ப்பு நாள் கூடக் கூடக் கூடுகிறது. இரண்டு நாள் விடுப்பு மிச்சமாகிறதே என்று குறுகிய திட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களுக்கு நான் சொல்வதில் பணமும் நேரமும் அதிகம் கேட்பது இதுதான், பலன் அதிகம் தருவதும் இதுதான்.

இனி நோயைப் பற்றி. புதிய உயரத்துக்கு வந்து 6 முதல் 12 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பிக்கும். கூடவே பசியின்மை, குமட்டல், அசதி, கிறுகிறுப்பு என்று ஏதாவது சேரும். இது லேசான வகை, பலருக்கும் வரும். அதே உயரத்தில் ஒன்றிரண்டு நாள் இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அறிகுறியோடு மேலே போகக் கூடாது. இருந்த இடத்திலேயே கூடினால் இறங்க வேண்டும். உயரத்தில் உடம்பு சரியில்லை என்றால், வேறு காரணம் தெளிவாகத் தெரியும்வரை அதை உயர நோயாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 'வெயில்ல நடந்தேன், அதான் தலைவலி', 'நேத்து சாப்பாடு ஒத்துக்கல' என்று மனசு தானாகவே சாக்குத் தேடும்.

மோசமான வகைகள் இரண்டு. மூளையில் வீக்கம் வந்தால் பேச்சு குழறும், குழப்பம் வரும், நடை தள்ளாடும். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியில் ஒட்டவைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லி வழிகாட்டி பார்ப்பார். தள்ளாடினால் அந்த நிமிடமே இறக்கம் ஆரம்பிக்க வேண்டும். நுரையீரலில் நீர் கோத்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், வறட்டு இருமல் வரும், பிறகு சளியில் நுரையும் ரத்தமும் கலக்கும். தலைவலி இல்லாமலேயே இது வரலாம் என்பதை மறக்காதீர்கள். புதிய உயரத்தின் இரண்டாவது இரவில்தான் அதிகம் தலைகாட்டும். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே: இறங்குவது. ஆக்சிஜன், மருந்து, காற்றடைத்து உள்ளே ஆளைப் படுக்கவைக்கும் அழுத்தப் பை எல்லாம் அதற்கு நேரம் வாங்கித் தருபவை. 'விடியட்டும், பார்க்கலாம்' என்று காத்திருந்து இழந்த உயிர்கள் உண்டு.

அசெட்டசோலமைடு மாத்திரை பற்றி எல்லாரும் கேட்பார்கள். உடம்பு பழகுவதை அது வேகப்படுத்துகிறது. அறிகுறிகளை மூடி மறைப்பதில்லை. தடுப்புக்குப் பெரியவர்களுக்கு வழக்கமாகத் தருவது 125 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல் நுனியில் ஊசி குத்துவது போல இருக்கும், சோடா பானங்களின் ருசி மாறும், பயப்பட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். யாராக இருந்தாலும் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். வேகமான திட்டத்துக்கு ஈடுகட்ட அதை விழுங்காதீர்கள். மதுவும் தூக்க மாத்திரையும் முதல் சில இரவுகளில் வேண்டவே வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். வழிகாட்டி இருக்கும்போது நாம் கவனிக்க என்ன இருக்கிறது? வானிலை, பாதை, பனிப்பாலம், ஆற்றைக் கடக்கும் இடம், எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். உங்கள் தலைக்குள் வலிக்கிறதா என்பதை மட்டும் அவரால் பார்க்க முடியாது. அதை நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும், பெரும்பாலோர் சொல்வதில்லை.

மாலையில் சாப்பாட்டுக் கூடாரத்தில் இது நடப்பதைப் பார்க்கலாம். விளக்கைத் தொங்கவிட்டு வழிகாட்டி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வருகிறார். "நல்லா இருக்கேன்", "ஓகே", "சூப்பர்." மூலையில் ஒருவர் கரண்டியால் சாப்பாட்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறார். "என்ன, சாப்பிடலையா?" "பசிக்கல, வேற ஒண்ணும் இல்ல." "தலை வலிக்குதா?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. "லேசா... மத்தியானத்துலேர்ந்து." நல்ல வழிகாட்டி தட்டைப் பார்த்தே கேட்டுவிடுவார். ஆனால் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் பன்னிரண்டு தட்டையும் ஒருவர் பார்க்க முடியாது. அந்த மனிதர் மறைத்ததற்குக் காரணம் புரிகிறது. தன்னால் குழு தாமதப்படக் கூடாது, திருப்பி அனுப்பிவிடக் கூடாது, கட்டிய பணம் வீணாகக் கூடாது. ஆனால் மத்தியானமே சொல்லியிருந்தால் ஓய்வும் தண்ணீரும் ஒரு வலி மாத்திரையுமாக முடிந்திருக்கலாம். இரவு பதினொன்றுக்குச் சொன்னால் இரண்டு பேர் அவரைத் தாங்கிக்கொண்டு இருட்டில் இறங்க வேண்டியிருக்கும்.

விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவியைப் பல குழுக்கள் வைத்திருக்கும். குளிர்ந்த விரலில் அது தப்பாகக் காட்டும். எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக அறிகுறியை ஒதுக்காதீர்கள். எண் குறைந்துவிட்டதே என்று, நன்றாக இருக்கும்போது இரவெல்லாம் விழித்திருக்கவும் வேண்டாம்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்விகளில் நான் முதலில் வைப்பது இது: ஒருவருக்கு நடுராத்திரி முடியாமல் போனால் யார் அவரைக் கூட்டிக்கொண்டு இறங்குவார், மீதிப் பேரை யார் பார்த்துக்கொள்வார்? ஒரே ஒரு வழிகாட்டி என்றால் இந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். ஆக்சிஜன் உருளை எந்த முகாம் வரை வருகிறது, செல்போன் கோபுரம் இல்லாத இடத்தில் எப்படித் தகவல் சொல்வார்கள், வழிகாட்டிக்கு முதலுதவிப் பயிற்சி உண்டா, மோசமான வானிலைக்கென்று உபரி நாள் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். சுமை தூக்குகிறவர்களுக்கு எத்தனை கிலோ, குளிருக்கு உடுப்பும் படுக்கக் கூடாரமும் யார் தருகிறார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். கிளிமஞ்சாரோவில் ஒருவருக்கு 20 கிலோ என்று வரம்பே இருக்கிறது, எடை போட்டுத்தான் ஏற்றுகிறார்கள். உயர நோய் அவர்களுக்கும் வரும். அவர்களைச் சரியாக நடத்தாத நிறுவனம் ஆபத்தில் உங்களையும் சரியாக நடத்தும் என்று நான் நம்ப மாட்டேன்.

சாமான்களில் தூங்கும் விஷயத்துக்குத்தான் மெனக்கெட வேண்டும். 1,000 மீட்டர் ஏற ஏற வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. தெளிந்த வானமுள்ள இரவில் இன்னும் இறங்கும். ஸ்லீப்பிங் பேக்கின் உறையில் மூன்று வெப்பநிலை அளவுகள் அச்சிட்டிருக்கும். 'கம்ஃபர்ட்' என்பதை மட்டும் பாருங்கள். 'லிமிட்' என்பது உடம்பைச் சுருட்டிக்கொண்டு ஒருவழியாகத் தூங்கும் அளவு. 'எக்ஸ்ட்ரீம்' என்பது உயிர் பிழைக்கும் அளவு, தூக்கத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. வாடகைக்குத் தருவதானால் எந்த எண்ணைச் சொல்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். கீழே விரிக்கும் மெத்தையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் எடையில் பையின் அடிப்பகுதி நசுங்கிவிடுவதால் தரையின் குளிரைத் தடுப்பது மெத்தைதான்.

துணியில் பருத்தி வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே செயற்கை இழை அல்லது மெரினோ கம்பளி, நடுவே ஃப்ளீஸ், வெளியே மழைக்கும் காற்றுக்கும் ஒரு ஜாக்கெட், முகாமில் நின்றதும் போட்டுக்கொள்ள ஒரு டவுன் ஜாக்கெட் (மெல்லிய பறவை இறகு அடைத்தது). வியர்க்கும் முன்பே ஓர் அடுக்கைக் கழற்றுங்கள், நின்றவுடன் குளிர்வதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். பெரிய பை கோவேறு கழுதை மீதோ ஒருவர் முதுகிலோ முன்னால் போய்விடும், மாலைவரை கையில் கிடைக்காது. அதனால் மழை ஜாக்கெட், டவுன் ஜாக்கெட், தலைவிளக்கு, மருந்து, தண்ணீர், கொஞ்சம் தின்பண்டம் இவை எப்போதும் உங்கள் முதுகுப் பையில் இருக்க வேண்டும். காலை எவ்வளவு வெயில் அடித்தாலும் சரி.

ஷூ புதிதாக இருக்கவே கூடாது. கிளம்புவதற்கு முன் பல நாள் போட்டு நடந்திருக்க வேண்டும். இறக்கத்தில் விரல் முன்னால் முட்டாத அளவுக்கு இடம் வேண்டும், நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். குதிகாலில் சூடாக உறுத்த ஆரம்பித்த உடனே நின்று டேப் ஒட்டுங்கள். குழு உங்களுக்காக நிற்கும். அடுத்த ஓய்வில் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தால் கொப்புளமாகிவிடும், அது மீதி நாட்களைக் கெடுக்கும்.

பயிற்சிக்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். ஓட்டத்தோடு, முதுகில் ஆறேழு கிலோ வைத்து மாடிப்படி ஏறுங்கள், முக்கியமாக இறங்குங்கள். தொடையைப் பிழிந்தெடுப்பது இறக்கம்தான். வாரக் கடைசியில் அடுத்தடுத்து இரண்டு நாள் நீண்ட நடை நடந்து பாருங்கள். முதல் நாள் களைப்போடு இரண்டாம் நாள் நடப்பதுதான் மலையில் தினசரி வேலை.

பாதையில் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். அதிகாலையில் கிளப்புகிறார்களே என்று முணுமுணுக்காதீர்கள்: பனி உருகி வரும் ஓடைகளில் காலையில் தண்ணீர் குறைவு, பிற்பகலில் பெருகிவிடும், இடிமின்னலும் பெரும்பாலும் பிற்பகலில்தான். ஆற்றைக் கடக்கும்போது பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும், விழுந்தால் பை உங்களை அமிழ்த்தக் கூடாது. சுமை விலங்குகள் எதிரே வந்தால் மலைச்சரிவின் உள்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும். புற ஊதாக் கதிர் 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் கூடுகிறது; புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மூக்கின் அடியிலும் தாடையின் கீழேயும் கிரீம் பூசச் சொல்வது அதனால்தான். பனியில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நடந்தால் இரவு கண்ணைத் திறக்க முடியாது.

முதல் சில இரவுகளில் தூக்கம் உடைந்து உடைந்து வரும். பக்கத்தில் படுத்திருப்பவர் வேகமாக மூச்சு விட்டு, பிறகு பத்து நொடி மூச்சே இல்லாமல் கிடந்து, சட்டென்று ஒரு பெருமூச்சோடு தொடர்வார். கேட்பவருக்குக் கதிகலங்கும். உயரத்தில் தூங்கும்போது பலருக்கு வரும் மூச்சு முறை இது, வேறு அறிகுறி இல்லாவிட்டால் பயமில்லை. படுக்கும் முன் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, சாக்ஸுக்குள் போட்டுக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். கால் சூடாகும், காலையில் உறையாத தண்ணீரும் கையில் இருக்கும். போன், பேட்டரி, தண்ணீர் வடிகட்டி மூன்றும் பைக்குள் உங்களோடு தூங்க வேண்டும். காலையில் கூடாரத்தின் உள்பக்கம் நம் மூச்சே வெள்ளைப் பொடியாக உறைந்து ஒட்டியிருக்கும். எழுந்த வேகத்தில் துணியில் தலை இடித்தால் அது படுக்கை மேலெல்லாம் கொட்டி நனைத்துவிடும், அதனால் குனிந்தே வெளியே வாருங்கள். குளிருக்காகக் கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைப்பதை யார் செய்தாலும் தடுங்கள். அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

வயிற்றுப்போக்கும் மலையில் பலரைப் படுக்கவைத்துவிடும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஜெல் மட்டும் போதாது. 4,000 மீட்டரில் தண்ணீர் 87 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். ஆனாலும் நன்றாகக் கொதித்திருந்தால் கிருமி செத்துவிடும், தாராளமாகக் குடிக்கலாம். கழிப்பறைக் கூடாரம் இல்லாத இடத்தில் ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் தோண்டி மூடுங்கள். காகிதத்தையும் நாப்கினையும் பையில் போட்டுத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். மாதவிடாய் நாள் கணக்கு உயரத்திலும் குளிரிலும் தவறலாம், அதனால் நாள் வராது என்று தோன்றினாலும் தேவையானதைக் கொண்டுபோங்கள். நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலினை உறையவிடாமல் சட்டைக்குள் உடம்போடு வைத்திருக்க வேண்டும். இதயம், நுரையீரல் பிரச்சினை இருந்தால் முன்பதிவுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாகக் காப்பீடு. பல பாலிசிகளில் உயர வரம்பு இருக்கும். நீங்கள் போகும் அதிகபட்ச உயரத்தை அது தாண்டுகிறதா, ஹெலிகாப்டர் மீட்பும் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மேகத்திலும் இருட்டிலும் ஹெலிகாப்டர் வராது, அதனால் நல்ல திட்டத்துக்கு அது மாற்றாகாது. பாலிசி எண், அவசரத் தொலைபேசி எண், ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, தினமும் சாப்பிடும் மாத்திரை, முன்பு இருந்த நோய் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி முதல் நாளே வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். விண்ணப்பத்தில் எழுதியது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.